மேல்தட்டு, கீழ்த்தட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள உம்மணாமூஞ்சிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருந்தே தீரவேண்டும். உனக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க நான் எட்டு மணி நேரம் பஸ்ஸில் வரவேண்டும்.

போன் பேச்சைக் குறைத்துக்கொண்டு கடிதம் எழுதலாம் என்று நான் சொன்னதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். போனில் நீ என்ன பேசுகிறாய்? நான் பத்து வார்த்தை சொன்னால் ஒரு 'ம்'. காகிதத்தில் 'ம்' என்று மட்டும் எழுதித் தபாலில் போட உனக்கே வெட்கமாக இருக்கும். தீசிஸ் எழுதவேண்டிய கையும் கொஞ்சம் பழகும்.

என் சோதனை உனக்கு ஐந்தாவது முறையும் வரவில்லை என்றாய். முதலிலிருந்து சொல்கிறேன், கேள். தக்காளி விதையை அந்த நுண்ணுயிர்த் தண்ணீரில் பன்னிரண்டு மணி நேரம் ஊறவை. ஊறியது ஒரு தட்டு, ஊறாதது ஒரு தட்டு. இரண்டுக்கும் உப்புத் தண்ணீர். மூன்று வாரத்தில் ஊறாதது வாடும், ஊறியது நிற்கும். இதற்காக நான் மூன்று வருடம் குனிந்து நிமிர்ந்திருக்கிறேன். எனக்கு வந்தது உனக்கும் வரும். நீ வேண்டுமானால் அந்த மூலை அறையில் இருக்கிற பழைய சேம்பரை, நாற்று வளர்க்கிற அந்தப் பெட்டியை, பயன்படுத்திப் பார். நான் எல்லாமே அதில்தான் செய்தேன்.

இன்னொன்று. வரவில்லை என்பதைக் கைடிடம் மறைக்காதே. திட்டுவார், திட்டட்டும். மாதம் ஒரு முறை திட்டு வாங்கினால் வருடக் கடைசியில் மொத்தமாக வாங்கவேண்டியதில்லை. அவருடைய புராஜெக்ட் ரிப்போர்ட்டை எழுதித் தரச் சொன்னால் மட்டும் தலையாட்டாதே. இதைச் சொல்கிற நான் இங்கே நான்கு கமிட்டியில் இருக்கிறேன். அதில் ஒன்றின் பெயர் இன்னும் எனக்கு மனப்பாடம் ஆகவில்லை.

ஜூன் 20 என் புரொபேஷன் முடிந்து நேர்காணல். இந்தச் சோதனையை வைத்து வெளிவந்த என் பேப்பர்தான் துருப்புச்சீட்டு. வேலை நிரந்தரமானால் நீ தீசிஸைக் கொடுத்துவிட்டு நேராக இங்கே வந்துவிடலாம். வாடகை வீட்டில் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். ஒன்று சும்மா இருக்கிறது.

உன்
டாக்டரம்மா

---

மார்ச் 14

டாக்டரம்மாவுக்கு,

வந்துவிட்டது.

இதை மட்டும் எழுதி அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். 'ம்' போல ஆகிவிடும் என்று மேலும் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி கைடிடம் போய், ஐந்து முறையும் வரவில்லை என்றேன். எல்லோரும் இருக்கும்போதே கேட்டார்: "அவ கைக்கு வந்துது, உன் கைக்கு மட்டும் ஏன்யா வர மாட்டேங்குது?" யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பிறகு உன் பழைய லேப் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மூலை அறைச் சேம்பரில், வரிக்கு வரி அப்படியே செய்தேன். ஊறியது மேல்தட்டில், ஊறாதது கீழ்த்தட்டில். நீ குழம்பாமல் இருக்க அம்புக்குறி போட்டு எழுதியிருந்தாய். தட்டுக்கு நூறு விதை. நேற்று எண்ணினேன். மேலே எழுபத்தெட்டு உயிரோடு இருக்கிறது, கீழே முப்பத்தொன்று. உன் பேப்பரில் உள்ள எண்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். கைடு முதுகில் தட்டினார்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வராமல் இருந்த நாட்களில் உன்மேல் பொறாமையாக இருந்தது. நாம் ஒரே வருடம் ஒரே அறையில் சேர்ந்தோம். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் இன்னும் அதே மேசை. கல்யாண வீடுகளில் "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டால் என் மாமனார், உன் அப்பா, "படிக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார். அந்தப் பொறாமை இப்போது இல்லை என்பதால் எழுதுகிறேன்.

உன்
உம்மணா

---

மார்ச் 22

என் உம்மணாவுக்கு,

உன் கடிதத்தை வகுப்புக்குப் போகிற வழியில் படியில் நின்றே படித்தேன். பின்னால் வந்த பிள்ளைகள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

பொறாமையை எழுதினாயே, அதற்காக உன்மேல் கோபமில்லை. எனக்கும் உன்மேல் பொறாமை உண்டு. உனக்கு இன்னும் யோசிக்க நேரம் இருக்கிறது. எனக்கு வாரத்துக்குப் பதினெட்டு மணி நேர வகுப்பு, மீதி நேரம் ஃபைல். இங்கே ஒரு சீனியர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா, அடுத்த பேப்பர் எப்போ?" என்று கேட்கிறார். வேலைக்குச் சேர்ந்தால் ஆராய்ச்சி செய்யலாம் என்று நினைத்திருந்தேன். சேர்ந்தால் ஆராய்ச்சி பற்றிய படிவங்களை நிரப்பலாம்.

சூட்டோடு சூடாக மூன்றாவது அத்தியாயத்தை எழுதிவிடு. முன்னுரையைக் கடைசியில் எழுது. முதலில் என்ன செய்தாய், என்ன வந்தது, அவ்வளவுதான். எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்று நினைத்தவர்கள் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை வந்ததை வைத்து மட்டும் எழுதிவிடாதே. இன்னும் இரண்டு முறை போட்டுப் பார்த்துக்கொள். வைவாவில், வாய்மொழித் தேர்வில், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

உன்
டாக்டரம்மா

---

ஏப்ரல் 26

அன்புள்ள உனக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

இரண்டாவது முறை போடுவதற்கு முன் சேம்பரின் கதவு சரியாக மூடவில்லை. மெக்கானிக்கை வரச்சொன்னேன். நமக்குத் தெரிந்தவர்தான், காதில் பென்சில் வைத்திருப்பாரே, அவர். கதவைச் சரிசெய்துவிட்டு உள்ளே கையை நீட்டிப் பார்த்தார்.

"சார், இந்த ஃபேன் காத்து நேரா கீழ்த்தட்டுலதான் அடிக்குது. மேல காத்தே போகாது. தெரியுமில்ல?"

"எப்பலேர்ந்து?"

"வாங்கின நாள்லேர்ந்து. மாடலே அப்படித்தான். மேலயும் கீழயும் ஒரே மாதிரி காயாதுன்னு அப்பவே சொன்னேனே."

யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அவர் போனார். பிறகு புது விதை போட்டு, தட்டுகளை இடம் மாற்றி வைத்தேன். ஊறாதது மேலே, ஊறியது கீழே. மூன்று வாரம் கழித்து எண்ணினேன். மேலே, ஊறாதது, எழுபத்தாறு. கீழே, ஊறியது, முப்பத்து நான்கு.

நுண்ணுயிர் ஒன்றும் செய்யவில்லை. கீழ்த்தட்டு சீக்கிரம் காய்கிறது, காய்ந்தால் உப்பு கூடுகிறது, நாற்று சாகிறது. முன்பு நான் செய்துகொண்டிருந்த புதிய சேம்பரில் காற்று சமமாக வருகிறது, அதனால்தான் எனக்கு ஐந்து முறையும் வித்தியாசம் தெரியவில்லை.

நீ பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை. எனக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்கும் அது தெரியாது. ஆனால் அந்தப் பேப்பர் தப்பு.

கைடிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் அவரிடம் சொல்லக்கூடாது என்று தோன்றியது.

உன்
உம்மணா

---

மே 4

மதிப்பிற்குரிய கணவருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

ஒரே ஒரு முறை தட்டை மாற்றி வைத்துவிட்டு, மூன்று வருட உழைப்பைத் தப்பு என்று சொல்ல நீங்கள் யார்? நான் அந்தச் சோதனையை எட்டு முறை செய்தேன். கைடு பார்த்தார். பத்திரிகையில் இரண்டு நிபுணர்கள் பார்த்தார்கள். யாருக்கும் தெரியாதது ஒரு மெக்கானிக்குக்கும் உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

மார்ச் மாதம் என்ன எழுதினீர்கள் என்று எடுத்துப் படித்தேன். பொறாமை இப்போது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேலை நிரந்தரமாகிற நேரம் பார்த்து இது எப்படி முளைத்தது? வெளியாள் யாராவது செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். வீட்டுக்குள்ளேயே இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

உங்கள் தீசிஸுக்கு ஓர் அத்தியாயம் வேண்டும் என்றால் வேறு எதையாவது தேடிக்கொள்ளுங்கள். என்னை எடுத்து அடுப்பில் வைக்கவேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மனைவி

---

மே 12

அன்புள்ள உனக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். நம் கல்யாணத்தன்று கூட உன் பெரியம்மா எவ்வளவு சொல்லியும் நீ என்னை 'நீங்க' என்று கூப்பிடவில்லை. அந்த வார்த்தையைத் தாண்டிப் படிக்க எனக்கு அரை நாள் ஆயிற்று.

பொறாமை என்று சொல்வாய் என்று தெரியும். அதை எழுதிக் கொடுத்ததே நான்தான். அதனால் என்னை நம்பவேண்டாம். கடிதம் போட்ட மறுநாளே ஒரு வேலை செய்தேன். கேண்டீனிலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளர் வாங்கி, சமமாகத் தண்ணீர் ஊற்றி, சேம்பரில் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் வைத்தேன். விதையும் இல்லை, நுண்ணுயிரும் இல்லை, என் கையும் இல்லை. ஐந்தாம் நாள் கீழே இருந்தது வற்றிவிட்டது. மேலே இருந்ததில் பாதிக்கு மேல் இருக்கிறது. போட்டோ வைத்திருக்கிறேன்.

எட்டு முறை செய்தேன் என்கிறாய். நம்புகிறேன். எட்டு முறையும் ஊறியதை எங்கே வைத்தாய்? உன் நோட்டு என்னிடம் இருக்கிறது. எட்டுப் பக்கத்திலும் அதே அம்புக்குறி. ஒரு பக்கத்திலாவது மாறியிருக்காதா என்று இரண்டு தடவை புரட்டினேன். மாறியிருந்தால் உன்னைவிட எனக்குத்தான் நிம்மதி.

நானும் அதே நோட்டைப் பார்த்து, எழுபத்தெட்டு வந்ததும் துள்ளினேன். எனக்கும் தோன்றவில்லை. இதில் நீ முட்டாள் என்றால் நான் இரண்டாவது முட்டாள்.

ஜூன் 6 என் ப்ரீ-சப்மிஷன் செமினார், தீசிஸ் கொடுப்பதற்கு முன் எல்லோர் முன்னாலும் பேசவேண்டும். வெளியிலிருந்து ஒரு நிபுணர் வருகிறார். என்ன செய்யவேண்டும் என்று நீ சொல்.

உன்
உம்மணா

---

மே 20

உனக்கு,

'நீங்கள்' போதும். அதை எழுதும்போது எனக்கும் கை வரவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பேப்பர் வந்த பிறகு மூன்று பேர் எனக்கு எழுதினார்கள். எல்லோரும் ஸ்காலர்கள், வேறு வேறு ஊர். "மேடம், நீங்கள் சொன்னபடியே செய்தோம், வித்தியாசம் தெரியவில்லை, எங்கே தவறு செய்கிறோம்?" மூன்று பேருக்கும் ஒரே பதில்தான் போட்டேன். உங்கள் நுண்ணுயிர்க் கல்சர் பழையதாகியிருக்கும், புதிதாக எடுங்கள். அதில் ஒரு பெண் நான்கு தடவை எழுதினாள். நான்காவது மெயிலுக்கு நான் பதிலே போடவில்லை. அன்றைக்கு எனக்குப் பரீட்சை வேலை இருந்தது என்று இவ்வளவு நாள் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆக, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். ஜூன் 20 வரை பொறு. அந்த அத்தியாயத்தைச் செமினாரில் எடுக்காதே. நாற்றில் பூஞ்சை வந்துவிட்டது, திரும்பச் செய்கிறேன் என்று சொல். பதினான்கு நாள்தான். நேர்காணல் முடிந்த மறுநாள் நானே பத்திரிகைக்கு எழுதுகிறேன். நிரந்தரம் ஆகிவிட்டால் பேப்பரைத் திரும்பப் பெற்றாலும் என்னை வெளியே அனுப்ப மாட்டார்கள். ஆகாவிட்டால் அனுப்பிவிடலாம். உன் பெல்லோஷிப்பும் அடுத்த மாதம் முடிகிறது. இரண்டு பேரும் நடுத்தெருவில் நிற்கவா?

நான் உன்னிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

உன்
மனைவி

---

ஜூன் 7

அன்புள்ள உனக்கு,

கைடு உனக்குப் போன் செய்வதற்குள் இது வந்து சேராது. ஆனாலும் நடந்ததை என் வாயால் நீ கேட்கவேண்டும்.

நேற்றுக் காலை அந்த அத்தியாயத்தின் பக்கங்களை எடுத்துவிட்டேன். நீ கேட்டபடியே. நாற்பது நிமிடம் பேசினேன், யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. கைடு கூடத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முடித்து உட்காரப் போகும்போது வெளியிலிருந்து வந்த நிபுணர் கேட்டார்.

"உங்க லேப்லேர்ந்து ஒரு தக்காளி பேப்பர் வந்துதே. ஊறவெச்ச விதை. உங்களுக்கு அது வந்துதா?"

பூஞ்சை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வார்த்தையைப் பதினைந்து நாளாகச் சொல்லிப் பழகியிருந்தேன். அவர் மறுபடி, "இல்ல, என் ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு பேரை அதுல போடலாம்னு இருக்கேன். அதான் கேக்கறேன்" என்றார்.

"வந்துது சார்" என்றேன். "ஆனா அது விதையால வரல. சேம்பரால வந்துது."

பிறகு சுண்ணாம்புக்கட்டியை எடுத்துப் போர்டில் இரண்டு தட்டு வரைந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் பேப்பர் என்று சொல்லவில்லை, நம் லேப் என்றேன். அதனால் என்ன, எல்லோருக்கும் தெரியும்.

கைடு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ஏப்ரல்லேர்ந்து சார்."

"அவளுக்கு?"

"தெரியும் சார்."

கைடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த மெக்கானிக் என்கிட்டதான் சொன்னான்" என்றார். "எனக்கு அப்ப வேற வேலை இருந்துது." அப்புறம், "அவ பேருதான் முதல்ல இருக்கு. மாசக் கடைசிக்குள்ள பத்திரிகைக்கு அவளே எழுதட்டும். இல்லேன்னா நான் எழுதறேன்" என்றார்.

உன் நேர்காணல் குழுவுக்கு இது இன்னும் தெரியாது. இருபதாம் தேதி நீ என்ன சொல்வது என்பது உன் கையில்தான் இருக்கிறது. நீ கேட்ட பதினான்கு நாளை என்னால் தர முடியவில்லை. தர நினைத்தேன் என்பதை மட்டும் நம்பு.

உன்
உம்மணா

---

ஜூன் 15

அன்புள்ள உனக்கு,

எட்டு நாளாக நீ போனை எடுக்கவில்லை. சுகமாக இருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

எது நடந்தாலும் உன் பக்கம் இருப்பேன் என்று எழுத உட்கார்ந்தேன். நீ சிரிப்பாய் என்று எழுதவில்லை. நீ திட்டியாவது எழுது.

உன்
உம்மணா

---

ஜூன் 29

உம்மணாவுக்கு,

ஏழாம் தேதிக் கடிதத்தைப் பிரிக்காமலே ஒரு வாரம் வைத்திருந்தேன். கைடு போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உன் வாயால் வேறு கேட்கவேண்டுமா என்றிருந்தது. நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்புதான் பிரித்தேன். நீ அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டுத்தான் மேடை ஏறினாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். கைடு அதைச் சொல்லவில்லை.

இருபதாம் தேதி உள்ளே போகும்வரை நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இருந்த பெரியவர், "உங்க முக்கியமான வேலைன்னு எதைச் சொல்வீங்க?" என்று கேட்டார். எல்லோருக்கும் முன்னால் என் பேப்பர் பளபளவென்று கிடந்தது. இதற்கு நான் ஒப்பித்து வைத்திருந்த பதில் மூன்று நிமிடம் வரும்.

"இதுக்கு முன்னாடி இந்தப் பேப்பரைச் சொல்லியிருப்பேன் சார். இது தப்புன்னு இப்ப தெரிஞ்சிருக்கு" என்றேன்.

எங்கள் துறைத் தலைவர் பேனாவை மூடினார். பெரியவர்தான் கேட்டார்.

"யார் கண்டுபிடிச்சா?"

"என் வீட்டுக்காரர்."

"சண்டை போட்டீங்களா?"

"இன்னும் முடியல சார்."

அவர் மட்டும் சிரித்தார். வெளியே வந்ததும் துறைத் தலைவர் என்னைத் தனியாக நிறுத்தி, "இன்னும் பத்து நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமேம்மா" என்றார். திட்டவில்லை, வருத்தப்பட்டார். முடிவு நேற்றுக் கடிதமாக வந்தது. நிரந்தரம் இல்லை. புரொபேஷன் இன்னும் ஒரு வருடம். அதற்குள் புதிதாக ஏதாவது காட்டவேண்டும். அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன், அனுப்பவில்லை.

பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். கைடும் கையெழுத்துப் போட்டார். தவறு எப்படித் தெரிந்தது என்கிற இடத்தில் உன் பெயரைப் போட்டிருக்கிறேன். உன் மூன்றாவது அத்தியாயம் அதுதான். எழுதிக்கொள்.

அந்த மூன்று பேருக்கும் எழுதினேன். ஒருவரிடமிருந்து பதில் இல்லை. இன்னொருவர் நன்றி சொல்லிவிட்டு, எட்டு மாதம் போயிற்று என்று எழுதியிருந்தார், அவ்வளவுதான். நான்கு தடவை எழுதிய பெண், ஜனவரியிலேயே படிப்பை விட்டுவிட்டாளாம். அவளுக்கு ஆராய்ச்சி வராது என்று அவளுடைய கைடு சொன்னாராம், அவளுக்கும் அது சரி என்று பட்டதாம். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலை பார்க்கிறாள். கடைசியில் "பரவாயில்லை மேடம்" என்று எழுதியிருக்கிறாள். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவளுடைய கைடுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். ஆனால் கடிதத்தில் தீராது. வருகிற சனிக்கிழமை அவள் ஊருக்குப் போகிறேன். திரும்பச் சேர இன்னும் ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு என்று விசாரித்து வைத்திருக்கிறேன். சேர்வதும் சேராததும் அவள் இஷ்டம். அவள் செய்தது சரியாகத்தான் இருந்தது என்று நேரில் ஒருவர் சொல்லவேண்டும்.

நீயும் வா. நான் சொன்னால் சமாதானம் சொல்வது போல இருக்கும். ஐந்து முறை வராமல் உட்கார்ந்திருந்தவன் நீ. உனக்கு அவளிடம் பேச ஏதாவது இருக்கும். போர்டு கிடைத்தால் இரண்டு தட்டு வரைந்து காட்டு.

உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. நீ செய்தது சரி என்று தெரிகிறது. தெரிந்தும் எரிகிறது. அதனால் வீட்டுக்கு வருவது, சேர்ந்து இருப்பது, இதையெல்லாம் இப்போது கேட்காதே. சனிக்கிழமை மட்டும் கேட்கிறேன். அந்த ஊர் பஸ் நிலையத்தில் காலை பத்தரைக்கு இறங்குவேன். வாசலிலேயே நில். உள்ளே கூட்டத்தில் தேட என்னால் முடியாது.

பழைய நோட்டை எடுத்துக்கொண்டு வா. அவளிடம் காட்டவேண்டும்.

உன்
மனைவி